ராணுவ ஆஸ்பத்திரியில் மாதனூர் ஸ்டாப்பிங்

எனக்கு ரத்தக் கொதிப்பு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் வருகிற மிஷின்கள் எதுவும் அதை லேசில் நம்பவில்லை.

சும்மா இருக்கும்போது என்னைப்போல அமைதியான ஆள் இந்தப் பாலாற்றுப் பக்கத்திலேயே கிடையாது. சூப்பர்வைசர் திட்டினால் கொட்டாவி விடுவேன். நாய் துரத்தினால்கூட நடந்துதான் போவேன். (கடிச்சிச்சு. அது வேற கதை.) ஆனால் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் என் கையில் அந்தப் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை இரண்டு அமுக்கு அமுக்கினால் போதும். நெஞ்சுக்குள் கல்யாண ஊர்வலத்து பேண்டு செட் புறப்பட்டுவிடும்.

ராணுவத்தில் சேரப் போகும்வரை இது எனக்கே தெரியாது.

நான் எட்டாவது பாஸ். (ஒன்பதாவதுக்கும் போனேன். ஒன்பதாவதுதான் என்னை வச்சிக்கல.) ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. கால் மாதிரி ஒரு அச்சு வரும், அதன்மேல் தோலை இழுத்து ஒட்டி அனுப்ப வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றபடி யாரோ ஒருவருடைய காலுக்குச் செருப்பு மாட்டிவிடுகிற வேலை.

எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு பட்டாளத்துக்காரர்கள் உண்டு. லீவில் வந்து அவர்கள் டீக்கடைப் பக்கம் நடந்தால் பெஞ்சில் தானாக இடம் காலியாகும். நான் போய் உட்கார்ந்தால் பெஞ்சே காலியாகும். அந்த வித்தியாசம் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

"எட்டாவது படிச்சவனுக்கும் மிலிட்டரில வேலை கீதுடா, தாமு" என்று சொன்னவன் சலீம். லைனில் எனக்கு எதிர் மிஷின். என் தோஸ்த். எந்தப் பிரச்னைக்கும் அவனிடம் ஒரு யோசனை இருக்கும். அந்த யோசனையைக் கேட்டால் பிரச்னை இரண்டாகும்.

கம்ப்யூட்டரில் பரீட்சை வைத்தார்கள். தெரியாத கேள்விக்கெல்லாம் மூன்றாவது பதிலை அமுக்கினேன். பாஸ்! அப்புறம் ஓட்டம். அதிலும் பாஸ்! பள்ளிக்கூடத்தில் என்னைப் பாஸ் போட வாத்தியார்கள் கூடிப் பேசவேண்டியிருந்தது. இங்கே யாரும் பேசாமலே நான் இரண்டு தடவை பாஸ். பாக்கி மெடிக்கல் மட்டும்தான். அந்த வருஷத்தை விட்டால் வயசு தாண்டிவிடும், மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

மெடிக்கல் அன்றைக்கு எல்லோரும் ஜட்டியோடு வரிசையில் நின்றோம். (ஜட்டியோட நிக்கறவனுக்கு பிபி ஏறாம இன்னா பண்ணும்னு இன்னிக்கி கேக்கலாம். அன்னிக்கி வாய் வரல.) டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றினார். பம்ப் அடித்தார். நம்பரைப் பார்த்தார். மிஷினைத் தட்டிப் பார்த்தார். மறுபடி அடித்தார். இந்தத் தடவை மிஷினை விட்டுவிட்டு என்னைத் தட்டினார்.

"ஓடிட்டு நேரா வந்தியா?"

"இல்ல சார். நேத்துதான் ஓடுனேன்."

"வீட்ல யாருக்காவது பிபி இருக்கா?"

"எங்கப்பாவுக்கு இருக்கு சார். என்ன பாத்தா மட்டும் ஏறும்."

யாரும் சிரிக்கவில்லை. நூற்று அறுபதுக்கு நூறு என்று எழுதினார்கள். இன்னும் சில வாரத்தில் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி காட்ட வேண்டும், அங்கேயும் இதே நம்பர் வந்தால் நேராக வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள்.

தொங்கின மூஞ்சியோடு எங்கள் ஊர் மாதனூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஸ்டாப்பிங்கில் எனக்காக ஒரு சிங்கம் காத்திருந்தது.

ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஃப்ளெக்ஸ். மிலிட்டரி உடுப்பு போட்ட வாட்டசாட்டமான ஒரு உடம்பு, அதன்மேல் என் தலை. பின்னால் ஒரு பீரங்கி, ஒரு போர் விமானம், ஒரு சிங்கம். 'எல்லை காக்கப் புறப்பட்ட எங்கள் வேங்கையே!' என்று எழுத்து. (படம் சிங்கம், எழுத்து வேங்கை. அடிச்சவன் ரெண்டையும் பாத்ததில்ல.) கீழே வட்டம் வட்டமாக நண்பர்கள் முகம். அதில் சலீம் முகம் என் முகத்தைவிடப் பெரிசு.

"டேய், இன்னும் மெடிக்கல் முடியலடா!" என்று கீழே நின்றிருந்த சலீமிடம் கத்தினேன்.

"ஓட்டம் முடிஞ்சிடுச்சில்ல. மெடிக்கல் இன்னாடா, சும்மா நாக்க நீட்ட சொல்வாங்க. நீட்டுனியா?"

"பிபி ஜாஸ்தியாம். மறுபடி வர சொல்லிட்டாங்க."

சலீம் ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"இப்ப போய் கழட்டுனா அசிங்கம்டா. நீ பிபிய கம்மி பண்ணு. அதான் ஈஸி."

அன்றிலிருந்து என் பிபி ஊர்ப் பொதுச் சொத்தாகிவிட்டது. அம்மா உப்பை நிறுத்தினாள். எனக்கு மட்டும் தனியாகக் குழம்பு வைக்க அவளுக்கு ஏது நேரம்? ஆகவே மொத்த வீட்டுக்கும் உப்பு கட். சலீமின் அம்மா தினம் பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்து அனுப்பினார்கள். எதிர்வீட்டுக்காரர் முருங்கைக் கீரையைக் கொத்துக் கொத்தாக உடைத்துக்கொண்டு வந்தார். சீக்கிரமே நான் பக்கத்தில் போனால் ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"இவன் பட்டாளத்துக்கு போறானோ இல்லியோ, நான் போய்டுவேன்" என்று அப்பா தட்டைத் தள்ளிவைத்தார். "அங்கியாவது உப்பு போடுவான்."

என் தங்கை ரேவதி சோற்றை வெறித்துப் பார்த்தபடி சொன்னாள்: "அண்ணா, எல்லையில நீ எங்கள காப்பாத்த வேணாம். மொதல்ல இந்த கொழம்புலருந்து காப்பாத்து."

சலீமிடம் வேறு யோசனை இருந்தது. "பயந்தா பழக்கப்படுத்திக்கணும்டா. நீ டாக்டர டெய்லி பாரு, தானா வுட்டுப்போவும்" என்றான். டெய்லி டாக்டருக்கு எங்கே போவது? செக்கிங் செக்‌ஷனில் ஒரு வெள்ளைக் கோட்டை இரவல் வாங்கி அவனே டாக்டரானான். தோல் கட்டுக்குப் பின்னாலிருந்து திடீரென்று குதிப்பான். "கைய நீட்டு! பிபி!" கேன்டீன் தூணுக்குப் பின்னால். "பிபி!" பாத்ரூம் கதவைத் திறந்தால், உள்ளே கோட்டோடு நிற்பான். "பிபி!"

இதனால் ஒரே ஒரு பலன் கிடைத்தது. அதுவரை டாக்டருக்கு மட்டும் பயந்துகொண்டிருந்த நான், வெள்ளையாக எதைப் பார்த்தாலும் பயப்பட ஆரம்பித்தேன். ஒருநாள் நிஜ செக்கிங் ஆபீஸர் வெள்ளைக் கோட்டோடு என் மிஷின் பக்கம் வந்தார். அந்த வெள்ளையைப் பார்த்தபடியே கைக்கு வந்த அச்சில் தோலை ஒட்டினேன். அன்றைக்கு நான் அனுப்பிய ஒரு ஜோடியில் இரண்டும் இடது கால். நல்லவேளை, பெட்டியில் போடுமுன் பிடித்துவிட்டார்கள். இல்லாவிட்டால் ஏதோ ஒரு தேசத்தில் ஒரு வெள்ளைக்காரன் இன்றைக்கும் ஒரே இடத்தில் வட்டம் அடித்துக்கொண்டிருப்பான்.

சூப்பர்வைசர் என்னை ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு விரட்டினார். அங்கே நர்ஸ் மேரி அக்கா. விரலில் ஊசி ஏறினாலும் சரி, தலைவலி என்று வந்தாலும் சரி, அவர் முதலில் கொடுக்கிற மருந்து திட்டுதான். என் கையில் பட்டையைச் சுற்றி மிஷினைப் பார்த்தார்.

"இன்னாடா இது, குக்கர் மாதிரி ஏறுது? விசில்தான் வர்ல."

"அதுக்குத்தான் அக்கா உப்பு, பூண்டு, கீரை..."

"வாய மூடு. இங்க வரைக்கும் நாறுது."

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு மேரி அக்காவுக்குக் கிடைத்தது. (பூண்டு வாசனைக்கு வேற யாரும் வர்ல.)

எங்கள் கம்பெனி பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவர்கள் ஏறுகிற வண்டி அது. சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து, காதோடு சேர்த்துக் கர்ச்சீப்பைக் கட்டி, ஜன்னலில் தலையைச் சாய்த்தால், வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் மொத்தப் பேரும் தூங்கிவிடுவோம். யார் தலை யார் தோளில் என்று கணக்கே கிடையாது. ஊர் வந்தால் விழித்திருக்கிற ஒருவர் முட்டியைத் தட்டுவார். உடனே எழுந்து, பஸ் தகரத்தை இரண்டு தட்டு தட்டி, இறங்க வேண்டும். கண்டக்டர் கிடையாது. ஆகவே கடைசியாக இறங்குகிறவர் கீழே நின்று 'ரைட், போலாம்' என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் டிரைவர் நகர்த்த மாட்டார். நான் கண்ணைத் திறக்காமலே இத்தனையும் செய்வேன். முட்டியைத் தட்டினால் மற்றதெல்லாம் உடம்பே பார்த்துக்கொள்ளும்.

அன்றைக்கும் அப்படித்தான் தூங்கினேன். விழித்தபோது பஸ்ஸில் பாதிப் பேர் என்னைச் சுற்றி நின்றிருந்தார்கள். கையில் பட்டை. மேரி அக்கா மடியில் பிபி மிஷின்.

"நூத்திப் பதினாறுக்கு எழுவத்தி நாலு" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார். "டேய், ஒனக்கு வியாதியே இல்லடா. டாக்டர பாத்தா பயம், அவ்ளோதான். பஸ்ஸுல ஏறுனா பொணம்."

"அப்ப மெடிக்கலுக்கு பஸ்ஸ எடுத்துனு போய்டலாமா அக்கா?" என்றான் சலீம்.

"பஸ்ஸு வேணாம். பஸ்ஸுல பண்றத அங்க பண்ணா போதும்." என் பக்கம் திரும்பினார். "மொதல்ல வீட்ல உப்பு போட சொல்லு, ஒங்கப்பா பாவம். அன்னிக்கி டீ குடிக்காத. ஒண்ணுக்கு போய்ட்டு வந்து உக்காரு. தலைய சாச்சி, மூச்ச மெதுவா வுடு. மாதனூர் வர்ற வரைக்கும் ஒனக்கு ஒரு வேலையும் இல்லன்னு நெனச்சிக்கோ."

அப்புறம் தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் பஸ் ஓடியது. நான் நாற்காலியில் பையோடு உட்காருவேன். சலீம் பின்னாலிருந்து நாற்காலியை ஆட்டியபடி "டுர்ர்ர்" என்பான். மேரி அக்கா பம்ப் அடிப்பார். கொஞ்சம் கொஞ்சமாக நம்பர் இறங்கியது. சலீம் குஷியில் வண்டியைப் பள்ளத்தில் விட்ட அன்றைக்கு மட்டும் ஏறியது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற நாள் வந்தது. அம்மா மட்டும் மேரி அக்கா பேச்சை நம்பாமல், மெடிக்கல் முடிகிறவரை உப்பு கிடையாது என்று உறுதியாக இருந்தாள். அப்பா உப்பில்லாத கூழை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லாத்தான் கீது" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். எதையும் நல்லா இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரயிலில் போகும்போது எனக்கு அந்த ஃப்ளெக்ஸ்கூட ஞாபகம் வரவில்லை. அந்தக் கூழ்தான் வந்தது. திரும்பிப் போனால் கம்பெனியில் மிஷின் இருக்கும், பஸ்ஸில் சீட்டு இருக்கும். அப்பாவிடம் போய் என்ன சொல்வது?

ராணுவ ஆஸ்பத்திரியில் தரை அவ்வளவு சுத்தம். என் மூஞ்சியே கீழேயிருந்து என்னை முறைத்தது. டாக்டர் ஒரு மேஜர் மேடம், வடக்கத்திக்காரங்க. அவருக்கு உதவியாக ஒரு ஹவில்தார். அவர் நம்ம குடியாத்தம்காரர் என்று தெரிந்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. மேடம் பட்டையைக் கையில் எடுத்ததும் அந்தப் பாதியும் போனது.

தலையைச் சாய்த்தேன். மூச்சை மெதுவாக விட்டேன். மனசுக்குள் பஸ்ஸில் ஏறினேன். ஆனால் அந்த அறையில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. சத்தமில்லாத பஸ் எப்படி ஓடும்? அது ரிப்பேராகி நிற்கிற பஸ். நூற்று ஐம்பத்தெட்டு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். நூற்று ஐம்பத்தாறு.

மேடம் ஏதோ சொன்னார். ஹவில்தார் தமிழில் சொன்னார்: "ஒடம்புல ஒரு கொறையும் இல்லியாம். ஆனா நம்பர் எறங்கல. போய் வராண்டாவுல உக்காரு, மறுபடி கூப்புடுவாங்க."

"எத்தினி வாட்டி சார் கூப்புடுவாங்க?"

"இன்னும் ஒரு வாட்டிதான். அதுலயும் ஏறுச்சின்னா ரயில் ஏறு."

வராண்டாவில் ஜன்னலோரம் ஒரு பெஞ்சு. பக்கத்தில் பெரிய மீசை வைத்த ஒரு சுபேதார், தன் முறைக்காக விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நான் பையை மடியில் வைத்தேன். கர்ச்சீப்பைக் காதோடு கட்டினேன். அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் விறைப்பானார்.

அப்போதுதான் கரண்ட் போனது. ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் புறப்பட்டது. டுடுடுடுடு. பெஞ்சு அதிர்ந்தது. ஜன்னல் கம்பி கடகடவென்று ஆடியது. டீசல் வாசனை உள்ளே வந்தது. எங்கள் பஸ்ஸேதான்! அப்படி ஒரு நிம்மதி. அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது.

யாரோ முட்டியைத் தட்டினார்கள்.

"யோவ், நிறுத்துயா! மாதனூரு எறங்கணும்!"

கத்தியது நான்தான். எழுந்தேன். பக்கத்தில் இருந்த மருந்து பீரோவை டப் டப்பென்று இரண்டு தட்டு தட்டினேன். "நகுருங்க, நகுருங்க, வழி வுடுங்க" என்று வரிசையில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். வராண்டா படியிலிருந்து இடது காலை முன்னே வைத்து, நின்றும் நிற்காத பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி நாலு அடி ஓடி, பூச்செடிக்குப் பக்கத்தில் நின்றேன். கட்டடத்தைப் பார்த்துக் கையை ஆட்டினேன்.

"ரைட், போலாம்!"

ஆஸ்பத்திரி போகவில்லை.

"போலாம்ணா!" என்றேன், கொஞ்சம் கோபமாக.

அப்புறம்தான் கண் முழுசாகத் திறந்தது. வராண்டா முழுக்க ராணுவம். வாசலில் மேடம், கையில் பட்டையோடு. சுபேதார் தன் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஈரமாக இருந்தது. (மீசையும் கொஞ்சம் கோணலா இருந்துச்சி. அதுக்கு நான் பொறுப்பு இல்ல.)

ஹவில்தார் மேடத்துக்கு இந்தியில் விளக்கினார். 'கம்பெனி', 'பஸ்', 'மாதனூர்' என்ற வார்த்தைகள் மட்டும் எனக்குப் புரிந்தன. 'பாகல்' என்று ஒன்று சொன்னார். அதுவும் புரிந்தது, நம்ம பக்கத்திலேயும் அதைப் பைத்தியத்துக்குத்தான் சொல்வார்கள். மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததும் வரிசை சிரித்தது. கடைசியில் சுபேதாரும் சிரித்தார். அதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறு என்ன செய்வது?

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை உள்ளே கூப்பிட்டு, அப்படியே பட்டையைச் சுற்றினார். நெஞ்சு எப்போதும்போல பேண்டு செட்டை அழைக்கும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இதுவரை நான் பயந்தது அசிங்கப்பட்டுவிடுவோமோ என்றுதான். அது முடிந்துவிட்டது. அதற்கு மேல் பயப்பட என்னிடம் சரக்கு இல்லை.

நூற்று இருபத்து நாலுக்கு எழுபத்தெட்டு.

மேடம் நம்பவில்லை. அடுத்த கையில் பார்த்தார். அதே. சாப்பிட்டு வரச்சொல்லிப் பார்த்தார். அதே. சாயங்காலம் கரண்ட் வந்து, ஜெனரேட்டர் நின்று, பழையபடி எல்லாம் அமைதியானபிறகு, கடைசியாக ஒரு தடவை பார்த்தார். பந்தை அமுக்கும்போது ஹவில்தார் மூஞ்சியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மேஜையை டப் டப்பென்று தட்டினார். எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. அப்போதும் அதே.

மேடம் பட்டையைக் கழற்றினார். ஹவில்தாரிடம் ஏதோ கேட்டுத் தெரிந்துகொண்டு, என்னைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் சொன்னார்:

"மா...த...னூர் வந்...தாச்சு."

நான் சல்யூட் அடித்தேன். (தப்பான கையில. அத அப்புறம் டிரெயினிங்ல அடிச்சி சரி பண்ணாங்க.)

வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பா எடுத்தார். "பாஸ்பா" என்றேன். பதிலுக்கு அவர் அம்மாவைப் பார்த்துக் கத்துவது கேட்டது: "உப்பு எங்கடி வச்சிக்கிற?"

இந்தக் கதையை நானே வீட்டில் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சும்மா வெளியே கிளம்பியது கிடையாது. அப்பா கழனிக்குப் போனாலும், அம்மா ரேஷன் கடைக்குப் போனாலும், கதவை இரண்டு தட்டு தட்டி, வாசலில் நின்று வீட்டைப் பார்த்து 'ரைட், போலாம்' என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நான் லீவில் வந்தால் எதிர்வீட்டுக்காரரும் சொல்வார்.

போன வருஷம் ரேவதிக்குக் கல்யாணம். லீவு வாங்கி வந்திருந்தேன். பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற நேரம். பூ ஜோடித்த கார் நிற்கிறது. அம்மா அழுகிறாள். அப்பா துண்டால் மூஞ்சியை மூடிக்கொண்டிருக்கிறார். நான் பட்டாளத்துக்காரன், அழக்கூடாது என்று மேலே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரேவதி காரில் ஏறி உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எங்களை ஒரு தடவை பார்த்தாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கார் கதவை டப் டப்பென்று தட்டினாள்.

"ரைட், போலாம்!"

அழுதுகொண்டிருந்த மொத்தக் குடும்பமும் வெடித்துச் சிரித்தது. கார் டிரைவருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது. பொண்ணு சொல்லிவிட்டாள் என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். மாப்பிள்ளை அப்போதுதான் என் பெரியப்பாவிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார்.

பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாலையோடு, காருக்குப் பின்னால் மெயின் ரோடுவரை ஓடினார் மனுஷன். பார்த்துக்கொண்டே நின்றேன். நல்ல ஓட்டம். எங்கள் ஓட்டத்தில் விட்டிருந்தால் கண்டிப்பாகப் பாஸ் ஆகியிருப்பார்.

மெடிக்கல்தான் எப்படியோ, தெரியவில்லை.